புகையின் போக்கிடம்: தில்லி வீட்டுத் தோட்டங்களில் பார்பிக்யூ களம் அமைத்தல் குறித்த ஒரு திணையாய்வு

தில்லியில் வீட்டுத் தோட்டத்தில் பார்பிக்யூ களம் அமைப்பது எப்படி என்று கேட்பவர்கள், செங்கல் எத்தனை, கம்பி வலை எவ்வளவு அகலம், கரி எங்கே கிடைக்கும் என்பதோடு நின்றுவிடுகிறார்கள். இவை கொத்தனார் கேட்க வேண்டிய கேள்விகள். ஆய்வாளன் கேட்க வேண்டியது வேறு. இறைச்சியோ பனீரோ வெந்ததும் வீட்டுக்காரர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. கரி சாம்பலாகி ரோஜாச் செடிக்கு உரமாகிறது. புகை எங்கே போகிறது? இது ஒன்று தெளிந்தால் களத்தை எந்த மூலையில் வைப்பது, எந்த மாதத்தில் மூட்டுவது, யாரை விருந்துக்கு அழைப்பது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். தில்லியில் பார்பிக்யூ களம் அமைப்பது என்பது புகையைப் பெற்றுக்கொள்ள ஓர் அண்டை வீட்டாரை நியமிக்கும் காரியமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாய்வுக்கு மேல்நாட்டுக் கோட்பாடு எதையும் கடன் வாங்கவில்லை. தொல்காப்பியர் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று வகுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நிலமும் பொழுதும் முதல். மரம், பறவை, உணவு, தொழில் முதலியன கரு. அங்கே மனிதர் படும் பாடு உரி. ஐந்திணைக்கும் போதுமானதாக இருந்த இந்த ஏற்பாடு மயூர் விஹார் மொட்டை மாடிக்கு மட்டும் போதாமல் போக நியாயமில்லை.

முன்னோர் கண்டவை

சுட்டுத் தின்பதற்குத் தமிழில் சான்று தேடுவோர் பொருநராற்றுப்படையில் தொடங்குவது வழக்கம். கரிகாலனிடம் விருந்துண்ட பொருநன், கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சியின் சூடு தாங்காமல் அதை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி ஒதுக்கினான் என்று முடத்தாமக்கண்ணியார் பாடுகிறார். இரவு பகல் பாராமல் தின்றதில் பல்லே மழுங்கிப் போயிற்றாம். சூட்டின் அளவு, கொழுப்பின் தன்மை, பல்லின் தேய்மானம் எல்லாம் பதிவாகியிருக்க, அந்த இடத்தில் புலவர் புகையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. காரணம் வெளிப்படை. சோழன் அரண்மனைக்கு மூன்றாம் மாடி கிடையாது. பக்கத்தில் ஒரு வீடு இருந்திருந்தாலும், புகார் கொடுக்க அந்த வீட்டுக்காரர் போக வேண்டிய இடமும் அதே அரண்மனைதான்.

வடக்கே வந்தால், ராஜஸ்தானின் காளிபங்கனில் 1960-களில் பி.பி. லாலும் பி.கே. தாப்பரும் நடத்திய அகழாய்வில், இன்றைய தந்தூரை நினைவூட்டும் அடுப்புகள் வெளிப்பட்டன. அடுப்பை அளக்க முடிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருந்த ஹரப்பா மாமியாரை அளக்க வழியில்லை. பிறகு 1947-இல் பிரிவினை. பெஷாவரிலிருந்து வந்த குந்தன் லால் குஜ்ரால் முதலானோர் தரியாகஞ்சில் மோத்தி மஹாலைத் தொடங்க, தந்தூர்க் கோழி தில்லிக்குக் குடியேறியது. பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தது யார் என்று அந்த வழிவந்த இரண்டு உணவகங்கள் 2024-இல் தில்லி உயர்நீதிமன்றத்துக்கே போயின. குழம்புக்கு உரிமை கொண்டாட இரண்டு தரப்பு இருந்தது. புகைக்கு உரிமை கொண்டாட ஒரு தரப்பும் வரவில்லை என்பதை ஆய்வாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

புகையை உண்மையாகவே பொருட்படுத்திய நூல் என்று நான் மதிப்பது ஐ.ஐ.டி. கான்பூர் தில்லிக் காற்றைப் பற்றி 2016-இல் அளித்த அறிக்கையைத்தான். தில்லியில் கரி எரிக்கும் ஓட்டல்களும் உணவகங்களும் சுமார் 9,000 என்றும், பெரும்பாலும் அது தந்தூர்களில்தான் என்றும் அது கணக்கிட்டது. வீட்டுத் தோட்டங்களை அது எண்ணவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இச்சிறு முயற்சி.

முதற்பொருள்: நிலம்

தில்லியில் வீட்டுத் தோட்டம் என்று சொல்லப்படுவது குறைந்தது நான்கு வகை. சத்தர்பூர்ப் பண்ணை வீடுகளை இங்கே சேர்க்கவில்லை. அங்கே சமையல்காரர் சுடுகிறார், வீட்டுக்காரர் பார்க்கிறார், ஆய்வுக்கு ஒன்றுமில்லை.

முதலாவது, 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புது தில்லியின் வெள்ளைப் பங்களாக்கள். புல்வெளி பெரிது; அண்டை வீடு வெகு தூரம். புகை அங்கே போய்ச் சேருவதற்குள் கரைந்துவிடும். கரையாவிட்டாலும் பாதகமில்லை, மந்திரி வீட்டுப் புகையை யாரும் புகை என்று சொல்வதில்லை. இரண்டாவது, ஆர்.கே. புரம் போன்ற சர்க்கார் குவார்ட்டர்ஸின் கீழ்த்தளம். முன்பக்கம் ஒரு துண்டு மண், அதில் கொய்யா, எலுமிச்சை, தமிழர் வீடானால் தப்பாமல் ஒரு கறிவேப்பிலை மரம். மேலே இரண்டு மூன்று மாடி. எல்லா மாடியிலும் கொடியில் துணி. இந்த நிலத்தில் செங்கல்லைச் சிமெண்ட் போட்டுப் பூசக் கூடாது. மத்தியப் பொதுப்பணித் துறையின் (சி.பி.டபிள்யூ.டி.) ஜூனியர் இன்ஜினீயர் என்றைக்கு வருவார் என்று யாருக்கும் தெரியாது. வெறுமனே அடுக்கிய செங்கல்லைப் பத்து நிமிஷத்தில் பிரித்து, பூந்தொட்டிக்கு மேடையாக மாற்றிவிடலாம்.

மூன்றாவது வகை டி.டி.ஏ. கீழ்த்தளம். 1957-இல் பிறந்த தில்லி வளர்ச்சி ஆணையம் கட்டிக் கொடுத்தது அடுக்கு வீடுகளை; பின்பக்கத்துத் தோட்டம் பல இடங்களில் குடியிருப்பவர்கள் தாமாக வளர்த்துக்கொண்டது. பொது நிலத்தில் முதலில் துளசி வரும், பிறகு வேலி, பிறகு கம்பிக் கதவு, பிறகு பூட்டு. இத்தகைய தோட்டத்தில் பார்பிக்யூ மூட்டுவது சாஸ்திர விரோதம் என்று நான் கருதுகிறேன். புகையைப் பற்றிப் புகார் எழுத உட்கார்ந்த மேல்வீட்டுக்காரர் இரண்டாவது பத்தியில் கம்பிக் கதவைப் பற்றியும் எழுதுவார். கபாபுக்கு ஆசைப்பட்டுத் தோட்டத்தையே இழக்க நேரும்.

நான்காவது, மொட்டை மாடி. பர்சாத்தி என்று ஒரு காலத்தில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் வாடகைக்கு எடுத்துத் தங்கிய ஒற்றை மாடியறை, அதன் முன்னால் திறந்த வெளி. இன்றைக்குப் பில்டர் கட்டிய நாலு மாடி வீட்டில் மேல்தளம் வாங்கியவருக்கே மாடி உரிமை. தோட்டம் என்றால் தொட்டித் தோட்டம்தான். கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவே புதினா, மிளகாய், ஒரு வாடிய செம்பருத்தி. ஆயினும் புகையின் கண்ணோடு பார்த்தால் இதுவே உத்தம நிலம். மேலே யாருமில்லை. ஆனால் தரையை நினைத்துக்கொள்ள வேண்டும்: மாடித் தளத்தின் மேல் நேராகக் கரியைக் கொட்டினால் சிமெண்டுக்குள் தங்கியிருக்கும் ஈரம் சூட்டில் விரிந்து மேல்பூச்சைப் பெயர்த்தெறியும். அடுத்த ஆடியில் கீழ்வீட்டுக்காரர் கூரை ஒழுகும். இரண்டங்குல மணல், அதன் மேல் செங்கல், அதன் மேல் அடுப்பு என்பதே முறை.

இனி, எந்த மூலை? வாஸ்து பார்க்கிறவர்கள் தென்கிழக்கை அக்னி மூலை என்பார்கள். நான் வாஸ்துவை நம்புகிறவன் அல்லன். ஆனால் தில்லியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று வீசுவது வடமேற்கிலிருந்து. தென்கிழக்கு மூலையில் மூட்டிய நெருப்பின் புகை தன் வீட்டுக்குள் நுழையாமல் நேராகத் தென்கிழக்கு அண்டை வீட்டுக்குப் போய்விடும். ஆக அக்னி மூலை என்பது தேவதைகளைப் பற்றிய ஏற்பாடு மட்டுமல்ல, அண்டை வீட்டாரைப் பற்றிய ஏற்பாடும்தான் என்று கொள்ளலாம். மூன்று பக்கம் செங்கல் அடுக்கி, திறந்த வாயை வடமேற்கே வைத்தால் காற்று தானே நுழைந்து கரியை ஊதிக்கொடுக்கும். விசிறுகிறவருக்குக் கை வலி மிச்சம். கரித்தட்டுக்கு மேல் அரையடி உயரத்தில் வலை. வலைக்கு மேல் உள்ளங்கையைக் காட்டி, நாலு எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ளத் தோன்றினால் சூடு சரி. அஃதேல், பழைய கூலரின் ஜாலியை வலையாகப் போடலாமோ எனின், ஆகாது. துத்தநாகம் பூசிய இரும்பைக் காய்ச்சினால் வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். அண்டை வீட்டாருக்கு முன்பாக நமக்கே வரும்.

தென்கிழக்கு வீட்டில் குடியிருப்பவர் மட்டும் இந்த முடிவுக்கு உடன்படமாட்டார். அவருக்கும் ஒரு தென்கிழக்கு உண்டு என்பதே நம் விடை.

முதற்பொருள்: பொழுது

சிறுபொழுது மாலை. இதில் கருத்து வேறுபாடில்லை. பெரும்பொழுதில்தான் சிக்கல். பன்னிரண்டு மாதத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டியிருக்கிறது.

மேயும் ஜூனும் பாலை. முல்லையும் குறிஞ்சியும் திரிந்தால் பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை ஒரு கோடைகாலம் தில்லியில் இருந்தவர்கள் விளக்கமின்றி ஒப்புக்கொள்வார்கள். 2024 மே 29 அன்று முங்கேஷ்பூரில் ஒரு தானியங்கிக் கருவி 52.9 டிகிரி காட்டியது. பிறகு வானிலைத் துறை ஆராய்ந்து, கருவி மூன்று டிகிரி கூட்டிக் காட்டியது என்று அறிவித்தது. மிச்சம் இருந்த 49.9-ஐப் பற்றி யாரும் நிம்மதியடைந்ததாகத் தெரியவில்லை. இந்த நாட்களில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதற்குச் சூட்டைவிடப் பெரிய காரணம் டெஸர்ட் கூலர். சன்னலுக்கு வெளியே நிற்கும் அந்தத் தகரப் பெட்டி வெளிக்காற்றை உறிஞ்சி, நனைந்த வைக்கோல் திண்டுகள் வழியாகப் படுக்கையறைக்குள் தள்ளுகிறது. உங்கள் கோழியிலிருந்து கரியில் சொட்டும் கொழுப்பின் புகையை அது குளிரவைத்து, ஈரப்படுத்தி, பக்கத்து வீட்டுப் பாட்டியின் தலையணைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். புகையின் போக்கிடம் என்ற துறையில் இதைவிடக் கச்சிதமான இயந்திரத்தை நான் அறியேன்.

மழைக்காலத்தில் காற்று கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். அக்னி மூலைத் தத்துவம் தலைகீழாகி, புகை நம் வீட்டுக்கே வரும். கரி நமத்துப்போகும். கொசுவுக்கு விருந்து நாம்தான். தெருவில் புட்டாக்காரர் சோளக்கதிரைச் சுட்டு, எலுமிச்சைத் துண்டால் கறுப்பு உப்பையும் மிளகாய்ப் பொடியையும் தேய்த்துக் கொடுப்பதை வாங்கித் தின்பதே அறிவுடைமை.

செப்டம்பர் நடுவில் வானம் வெளுக்கும். உடனே புரட்டாசி. அது முடிவதற்குள் நவராத்திரி. தில்லித் தமிழனுக்கு இரட்டைக் குடியுரிமை என்பதால் இரட்டை விரதம்: தமிழ்க் கணக்கில் வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை; பஞ்சாபி நண்பர் கணக்கில் ஹனுமானுக்குச் செவ்வாய், சிலருக்கு வியாழனும். எந்தக் கிழமையில் நெருப்பு மூட்டினாலும் விருந்தினரில் ஒருவர் தயிரில் ஊறிய கோழியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அக்டோபர் கடைசி தொடங்கித் தை வரைக்கும் பேச்சே வேண்டாம். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாள் எரியும். குளிர்ந்த காற்று தரையோடு படிய, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் உட்கார, வண்டிப்புகை, கட்டடத் தூசி எல்லாம் எழும்ப இடமின்றி நம் முகத்துக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் புகைக்குப் போக்கிடமே கிடையாது. கிராப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் படிநிலைச் செயல்திட்டம் 2017-இல் வந்தது. காற்றுத் தரக் குறியீடு 200-ஐத் தாண்டினால் முதல் கட்டம், 300-ஐத் தாண்டினால் இரண்டாவது, 400-ஐத் தாண்டினால் மூன்றாவது, 450-க்கு மேல் நான்காவது. தொடக்கக் கட்டங்களிலேயே ஓட்டல்களும் திறந்தவெளி உணவகங்களும் தந்தூரில் கரியோ விறகோ எரிக்கக் கூடாது. காவல்காரர்கள் சுள்ளி கொளுத்திக் குளிர்காயாமலிருக்கக் குடியிருப்போர் சங்கங்கள் மின்சார ஹீட்டர் கொடுக்க வேண்டும் என்றுகூட அதில் உண்டு. திறந்தவெளியில் குப்பை கொளுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே சொல்லிவிட்டது.

அஃதேல், சிக்ரி எனப்படும் என் தோட்டத்துக் கரியடுப்பு ஓட்டலும் அன்று, பனீர் குப்பையும் அன்று, எனக்கென்ன தடை எனின், வக்கீல் வேண்டுமானால் வாதாடுவார். ஆனால் கீழ்வீட்டுக் குழந்தை நெபுலைசர் வைத்துக்கொண்டிருக்கும் மாலையில் கரியை விசிறுகிறவரோடு ஆய்வுரையாடல் நடத்த எனக்கு விருப்பமில்லை. இன்னொன்றையும் விளையாட்டின்றிச் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில், விருந்து முடிந்து மிஞ்சிய தணல் வீணாகிறதே என்று சிக்ரியை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ரத்தத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லியில் குடும்பத்தோடு மாண்டவர்களின் செய்தி வருகிறது. தணலைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

விலக்காக ஒரு நாள் உண்டு. ஜனவரி 13. பஞ்சாபிகளுக்கு லோஹ்ரி, நம்மவர்களுக்கு அதையொட்டிப் போகி. அன்றைக்குத் தெருவே எரிவதால் உங்கள் புகை எது, எதிர்வீட்டார் புகை எது என்று பிரிக்க முடியாது. பொதுப் புகைக்கு உரிமையாளர் இல்லை.

கடைசியில் கையில் நிற்பவை பிப்ரவரியும் மார்ச்சும், ஏப்ரலில் கொஞ்சமும். வெயில் இதமாக, இலவ மரம் சிவக்கும் பருவம். அப்போதுதான் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு, மாடிக்கு ஒரு பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ இருக்கும். நடுவில் சிவராத்திரி. மார்ச் பிற்பகுதியிலோ ஏப்ரலிலோ சைத்ர நவராத்திரி. இவற்றையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது சில ஞாயிற்றுக்கிழமைகள். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருப்பார்.

கருப்பொருள்

இத்திணைக்குரிய மரம் எது? இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. தில்லியின் ரிட்ஜ் காட்டில் நடந்து போகிற தமிழர், குறிப்பாக ராமநாதபுரம் சிவகங்கைப் பக்கத்தவர், ஒரு கணம் ஊர் ஞாபகம் வந்து நிற்பார். காரணம், விலாயதி கீக்கர் என்று இங்கே சொல்லப்படுவது நம் சீமைக் கருவேலமேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுப் பஞ்சம் தீர ஆங்கிலேயர் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுத் தலைநகரின் மொட்டைப் பாறைகளைப் பச்சையாக்க அதையே ரிட்ஜில் விதைத்தார்கள். அது பாறையைப் பச்சையாக்கியது. கூடவே பழைய மரங்களை வெளியேற்றியது. தெற்கே வைகைக் கரைக் கண்மாய்களிலும் அதுவே கதை. 2017 வாக்கில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டது. இங்கே தில்லி அரசு ரிட்ஜிலிருந்து அதைப் படிப்படியாக நீக்கத் திட்டம் போட்டது. இரண்டு இடத்திலும் மரம் இன்னும் நிற்கிறது.

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் இதை வெட்டி, குவித்து, மண் பூசி, கரிமூட்டம் போடுவார்கள். காற்றுப் புகாமல் உள்ளேயே வெந்து, ஈரமும் எளிதில் எரியும் ஆவிகளும் கழன்று, கரி மட்டும் நிற்கும். நல்ல கரி எரியும்போது அவ்வளவாகப் புகைவதில்லை. ஏனென்றால் புகைய வேண்டியதெல்லாம் கமுதியிலேயே புகைந்துவிட்டது. நம் துணிபுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? தில்லி மாடியில் வெண்சாம்பல் பூத்துச் செவ்வெளிச்சத்தோடு அமைதியாக இருக்கும் ஒவ்வொரு கரித்துண்டும் தன் புகையை முன்கூட்டியே வேறு எவருடைய ஊருக்கோ கொடுத்துவிட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸில் இதே குலத்தைச் சேர்ந்த மெஸ்கீட் கட்டையைத்தான், அதன் புகைக்காகவே, மாட்டிறைச்சி சுடக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாம் நீதிமன்றம் போய் அழிக்கப் பார்ப்பதன் பங்காளி அங்கே மசாலா.

கரியை லக்கடி டால் எனப்படும் விறகுக் கடையில் வாங்கும்போது மரக்கரி, கல்கரி என்று பிரித்துச் சொல்லிக் கேட்க வேண்டும். சும்மா கொய்லா என்று கேட்டால் கல்கரி வந்து சேரலாம். அதன் கந்தக நாற்றம் பனீரில் ஏறினால் இறங்காது. கரியைப் பற்றிய நடமாடும் அறிவு வேண்டுமானால் டால்காரரைவிடத் தெருமுனை பிரெஸ்வாலா மேல். வேப்ப மரத்தடியில் மேசை போட்டு, பித்தளைப் பெட்டிக்குள் தணல் அடைத்துச் சட்டை தேய்க்கிறவர். கறுத்துக் கிடக்கும் கரி எப்போது பிடிக்கும், எப்போது வெளியே சாம்பலாகவும் உள்ளே நெருப்பாகவும் இருக்கும் என்பது அவர் விரல் நுனியில். இடுக்கியால் இரண்டு துண்டு தணலைத் தகரத்தில் போட்டுக் கொடுத்தார் என்றால் மண்ணெண்ணெய், ஹேர் டிரையர் எதுவும் வேண்டாம். இப்போது பலர் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டார்கள். நாம் தணல் கேட்டுப் போனால் ஒரு கேஸ் சிலிண்டரைக் காட்டிச் சிரிக்கிறார்கள்.

சிக்ரி, சீக் கம்பி, சிம்ட்டா எனப்படும் இடுக்கி ஆகியவற்றை மால்களில் வாங்குவோரை இவ்வாய்வு பொருட்படுத்தாது. நடைபாதையோரம் தங்கியிருக்கும் காடியா லோஹார்களிடம் போக வேண்டும். சித்தோர்க் கோட்டை அக்பரிடம் வீழ்ந்த பிறகு, அதை மீட்கும்வரை வீடு கட்டிக் குடியிருப்பதில்லை என்று சபதம் எடுத்தவர்களின் வழிவந்தவர்கள் என்பது அவர்கள் மரபு. 1955-இல் நேரு அவர்களை அழைத்துக்கொண்டு சித்தோர்க் கோட்டைக்குள் நுழைந்து, சபதம் நிறைவேறிவிட்டது என்று அறிவித்தார். அறிவித்தும் பலர் இன்னும் தில்லிச் சாலையோரத்தில்தான் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்தான் சம்மட்டி ஓங்குவாள். ஆண் உட்கார்ந்து இரும்பைத் திருப்பிக் கொடுப்பான். கைமா பிடிக்கப் பட்டையான கம்பி, டிக்கா கோக்க மெல்லிய கம்பி என்று கேட்டால் கண்ணெதிரே அடித்துத் தருவார்கள். பேரம் பேசலாம், ஆனால் சம்மட்டி அவர்கள் கையில் இருக்கிறது.

பறவை: பருந்து. ஜும்மா மஸ்ஜித் வானத்தில் வட்டமிடும் கரும்பருந்துகளுக்கு மீனா பஜாருக்கும் மயூர் விஹாருக்கும் தூரம் ஒன்றுமில்லை. தட்டைத் திறந்து வைத்துவிட்டு உப்பு எடுக்கக் கீழே போகக் கூடாது. விலங்கு: குரங்கு. அது இறைச்சியைத் தொடாது, சோளக்கதிரையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு, போகும்போது துணிக்கொடியை அறுத்துவிட்டுப் போகும். அரசு அலுவலகங்களுக்கு லங்கூர் வைத்திருந்தார்கள், அது தடைபட்டதும் லங்கூர் போலக் குரல் கொடுக்கும் ஆட்களை வைத்தார்கள். வீட்டு விருந்துக்கு அந்தச் செலவு தாங்காது.

உணவு: பனீரோ கோழியோ, தயிரை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடிந்த பிறகுதான் மசாலா கலக்க வேண்டும், இல்லையேல் கரியில் சொட்டிச் சொட்டி வேண்டாத புகை. கடுகெண்ணெய், ஓமம், கஸூரி மேத்தி, கொஞ்சம் வறுத்த கடலை மாவு. இதுவே தில்லிப் பாடம். தமிழ்ப் பாடம் தனி. கரோல் பாகில் குடியேறிய முதல் தலைமுறைத் தமிழர்கள் அங்கீட்டியைப் பார்த்ததும் திகைக்கவில்லை. அது அவர்கள் பாட்டி வீட்டுக் குமுட்டி அடுப்புதான். அதில் கத்தரிக்காய் சுட்டுக் கொத்சு செய்தார்கள், தணலில் அப்பளம் சுட்டார்கள், அதற்குப் பார்பிக்யூ என்று பெயர் வைக்கத் தோன்றவில்லை. பஞ்சாபிகள் அதே கத்தரிக்காயைச் சுட்டு பர்த்தா செய்கிறார்கள். எதில் நல்லெண்ணெய், எதில் கடுகெண்ணெய் என்பது தவிர இரண்டுக்கும் நடுவே பெரிய பிணக்கில்லை.

உரிப்பொருள்

இத்திணையின் உரிப்பொருள் ஊடலும் ஊடல் நிமித்தமும். தலைவன் தலைவி இடையே அன்று. மாடிக்கும் மாடிக்கும் இடையே. இதை நிறுவ ஒரு சிறு களச்சான்று போதும். மயூர் விஹாரில் ஒரு கீழ்த்தளத் தோட்டம். மார்ச் மாத மாலை. இளைஞர் ஒருவர் கம்பி வலையில் கத்தரிக்காய்களை உருட்டிக்கொண்டிருக்கிறார். காற்று திடீரென்று கிழக்கேயிருந்து திரும்புகிறது. மூன்றாம் மாடியிலிருந்து மாமா ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வருகிறார்.

“என்னப்பா இது, வீடு பூராப் புகை. மாமிக்கு வீஸிங் வேற.”

“மன்னிச்சுக்கோங்கோ மாமா. காத்து திரும்பிடுத்து. இதோ அணைச்சுடறேன்.”

மாமா வலையைப் பார்க்கிறார். தோல் கருகி, காம்போரம் சுருங்கி, ஒரு காயின் வெடிப்பிலிருந்து சாறு கொதித்துக் குமிழியிடுகிறது.

“எதுக்கு? கொத்சா?”

“ஆமாம் மாமா.”

“எண்ணெய் தடவாம வெச்சிருக்கியே. தடவினாத்தானே தோல் வழண்டு வரும். விசிறி எங்கே? இந்தப் பக்கம் நின்னு வீசு, புகை அந்தாண்ட போயிடும்.”

அந்தாண்ட என்று மாமா காட்டிய திசை தென்கிழக்கு. அங்கே இரண்டாம் மாடியில் ஒரு பஞ்சாபி ஆன்ட்டி பால்கனிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அரைமணி கழித்து அவரும் ஒரு கிண்ணத்தோடு இறங்கினார், பச்சைச் சட்னி கொண்டுவந்தார், சுடுவது கத்தரிக்காய் மட்டும்தானா என்று கேட்டு, ஆம் என்றதும் தன் வீட்டிலிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கொண்டுவரச் சொல்லி மகனுக்குப் போன் போட்டார். புகையைப் பெற்றுக்கொண்டவருக்குச் சாப்பாட்டில் பங்கு உண்டு என்பது இத்திணையின் எழுதாத விதி. பங்கு கொடுத்தால் புகை மணமாகிவிடும்; கொடுக்காவிட்டால் குடியிருப்போர் சங்க வாட்ஸாப் குழுவில் புகைப்படமாகும். ஆகவே களம் அமைப்பவர் செங்கல்லைக் கணக்கிடுவதற்கு முன் தட்டுகளைக் கணக்கிட வேண்டும்: காற்று போகும் திசையில் எத்தனை வீடோ அத்தனை தட்டு, காற்று திரும்பினால் இன்னும் இரண்டு.

புறனடை

மின்சார தந்தூர், மேசை மேல் வைக்கும் மின்சார கிரில் ஆகியவை பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பார் உண்டு. அவை நன்றாகவே சுடும். கிராப் எந்தக் கட்டத்திலும் அவற்றைத் தடுக்காது. எந்த மாதத்திலும் மூட்டலாம், செவ்வாயன்றும் மூட்டலாம், பனீருக்குத் தடையில்லை. கரிவாசனை வேண்டுமென்றால் கிண்ணத்தில் ஒரு துண்டுத் தணலை வைத்து, நெய் விட்டு, இரண்டு நிமிஷம் மூடி வைத்தால் போதும், துங்கார் என்பார்கள். ஆனால் அவை புகைவதில்லை. புகையாதபோது வடமேற்குக் காற்றுக்கு வேலையில்லை, அக்னி மூலைக்குப் பொருளில்லை, மூன்றாம் மாடி மாமா இறங்கி வரக் காரணமில்லை. உரிப்பொருள் அற்ற ஒன்றைத் திணையில் சேர்க்க இலக்கணம் இடம் தராது. அவற்றுக்குத் தோட்டமும் தேவையில்லை. சமையலறையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் பதினைந்து ஆம்பியர் ப்ளக் ஒன்று இருந்தால் போதும்.